நியோடிமியக் காந்தம்: உலோகத் தூளிலிருந்து மின்வாகன மோட்டார் வரை

2025 ஏப்ரல் 4 அன்று சீன அரசு ரேர் எர்த் எனப்படும் அருமண் தனிமங்களில் ஏழையும் அவை கலந்த காந்தங்களையும் ஏற்றுமதி செய்ய உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. அடுத்த மாதமே சிகாகோவில் ஃபோர்டு நிறுவனம் ஓர் ஆலையின் உற்பத்தியைச் சில நாட்கள் நிறுத்திவைத்தது; இந்தியாவிலும் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தி அந்த ஆண்டின் நடுவில் தடுமாறியது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மின்வாகனக் காந்தம் என்றாலே நினைவுக்கு வரும் நியோடிமியம் அந்த ஏழில் இல்லை. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகியவையே பட்டியலில் இருந்தன. இவற்றுள் மின்வாகனக் காந்தத்துக்கு முக்கியமாக வேண்டியவை டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும்தான். அவையும் காந்தத்தின் எடையில் சில விழுக்காடு மட்டுமே இருக்கும். அந்தச் சிறிதளவு பொருள் கிடைக்காமல் போனால் ஒரு கார் ஆலை ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை, காந்தம் தயாரிக்கப்படும் விதத்தில் இருக்கிறது.

மோட்டாருக்குள் காந்தத்தின் வேலை

மின்வாகன மோட்டாரில் அசையாமல் நிற்கும் பகுதிக்கு ஸ்டேட்டர் என்றும், சுழலும் பகுதிக்கு ரோட்டர் என்றும் பெயர். ஸ்டேட்டரில் சுற்றப்பட்டுள்ள செப்புக் கம்பிச் சுருள்களில் மின்சாரம் பாயும்போது சுழன்றுகொண்டே இருக்கும் காந்தப்புலம் ஒன்று உண்டாகிறது. அந்தப் புலத்தைப் பின்தொடர்ந்து ரோட்டர் சுற்ற வேண்டுமானால் அதற்கும் காந்தத்தன்மை வேண்டும். ரோட்டரிலும் மின்சாரத்தைத் தூண்டி அதைப் பெறலாம்; ஆலைகளில் ஓடும் இன்டக்ஷன் மோட்டார்களும், 2012-இல் வெளிவந்த டெஸ்லா மாடல் எஸ் காரின் மோட்டாரும் அப்படி இயங்குபவையே. ஆனால் ரோட்டரில் மின்சாரம் பாய்ந்தால் அதில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். ரோட்டரில் நிலைக்காந்தத்தையே பதித்துவிட்டால் அந்த இழப்பு இல்லை. மோட்டாரின் அளவும் எடையும் குறையும். அதே பேட்டரியில் வண்டி கூடுதல் தூரம் ஓடும். டெஸ்லாவே 2017-இல் மாடல் 3 காரில் நிலைக்காந்த மோட்டாருக்கு மாறியது.

ஒரு மின்சாரக் காரின் மோட்டாரில் பொதுவாக ஒன்று முதல் இரண்டு கிலோ வரை காந்தம் இருக்கும். அது ஒரே கட்டியாக இருப்பதில்லை. மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த ரோட்டரில், ஆங்கில ‘வி’ எழுத்து போல இரண்டிரண்டாகச் சாய்ந்த துளைகள் இருக்கும். தட்டையான செவ்வகக் காந்தத் துண்டுகள் அவற்றில் செருகப்பட்டுப் பிசினால் இறுக்கப்பட்டிருக்கும். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் அமைந்த ஸ்கூட்டர்களில், சற்றே வளைந்த துண்டுகள் சுழலும் வளையத்தின் உட்புறத்தில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும்.

இந்தத் துண்டுகளிடம் இரண்டு குணங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. ஒன்று, சிறிய உருவத்திலிருந்து வலிமையான காந்தப்புலம் வர வேண்டும். மற்றொன்று, ஏற்றத்தில் வண்டி திணறும்போதும் வேகமாக முடுக்கும்போதும் உள்ளே 150 டிகிரி செல்சியஸை நெருங்கும் வெப்பத்திலும், ஸ்டேட்டரின் எதிர்ப்புலம் தாக்கும்போதும், அந்த வலிமை குலையாமல் நிற்க வேண்டும். இந்த இரண்டாவது குணத்தைக் காந்தநீக்க எதிர்ப்பு என்று சொல்லலாம். கடை அலமாரியில் ஒட்டியிருக்கும் காந்தத்துக்கு முதல் குணம் இருந்தாலே போதும். மோட்டார்க் காந்தத்தின் விலையைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இரும்பே முக்கால் பங்கு

1970-களில் கிடைத்த மிகச் சிறந்த காந்தம் சமாரியமும் கோபால்ட்டும் சேர்ந்தது. வெப்பத்தை நன்றாகத் தாங்கும்; ஆனால் இரண்டு மூலப்பொருட்களுமே விலை உயர்ந்தவை. மலிவான இரும்பைக் கொண்டு அப்படியொரு காந்தம் செய்ய முடியாதா என்று யோசித்தவர்களில் ஒருவர், அப்போது ஃபுஜிட்சு நிறுவனத்தில் பணியாற்றிய மசாட்டோ சகாவா. அருமண் தனிமமும் இரும்பும் மட்டும் சேர்ந்த கலவையில் இரும்பணுக்கள் ஒன்றையொன்று மிக நெருங்கி இருப்பதால்தான் காந்தத்தன்மை நிலைக்கவில்லை என்ற கருத்தை 1978-இல் ஒரு கருத்தரங்கில் கேட்ட அவர், கார்பன் அல்லது போரான் போன்ற சிறிய அணுவை நுழைத்தால் அந்த இடைவெளி விரியலாம் என்று எண்ணினார். போரான் பலன் கொடுத்தது. ஆனால் கிடைத்தது, பழைய படிகம் விரிந்த வடிவமன்று. இரண்டு நியோடிமியம், பதினான்கு இரும்பு, ஒரு போரான் என்ற விகிதத்தில் அமைந்த முற்றிலும் புதிய படிகம். காரணம் பிசகியும் காரியம் பலித்த கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று. 1982-இல் சுமிடோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸ் நிறுவனத்துக்கு மாறிய சகாவா அங்கே இதைக் காந்தமாக்கினார். அதே காலத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட் வேறொரு வழியில் அதே சேர்மத்தை வந்தடைந்தார். 1983-இல் இரு தரப்பும் தம் முடிவுகளை வெளியிட்டன. கார் மோட்டார்களில் இன்று மிகுதியாகப் புழங்குவது சகாவாவின் வழி, அதாவது தூளை அழுத்திச் சுட்டுக் கட்டியாக்கும் வழி.

எடைக் கணக்கில் பார்த்தால் இந்தக் காந்தத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு அருமண் தனிமங்கள், ஒரு விழுக்காடு போரான். மற்றதெல்லாம் பெரும்பாலும் இரும்பு, அதோடு சிறிது கோபால்ட், செம்பு, அலுமினியம் முதலியவை. வலிமையை மெகா காஸ் எர்ஸ்டெட் என்ற அலகில் அளப்பார்கள். ஒலிபெருக்கிகளில் இருக்கும் கறுப்பு ஃபெரைட் காந்தம் மூன்றிலிருந்து ஐந்து வரை தரும் இடத்தில், நியோடிமியக் காந்தம் 35 முதல் 52 வரை தருகிறது.

மணலிலிருந்து உலோகம்

தாதுவிலிருந்து உலோகம் வரையிலான கதை தனியே எழுதத் தக்கது. இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். அருமண் தனிமங்கள் வேதியியலில் ஒன்றுக்கொன்று மிக ஒத்தவை என்பதால் தாதுவில் எல்லாம் கலந்தே கிடைக்கும். அமிலத்தில் கரைத்த தாதுவை எண்ணெய் போன்ற கரைப்பானோடு கலக்கி, பிரியவிட்டு, மீண்டும் கலக்கி, இப்படி நூற்றுக்கணக்கான தொட்டிகளில் அடுத்தடுத்துச் செலுத்தித்தான் அவற்றைப் பிரிக்கிறார்கள். நியோடிமியத்தையும் பிரசியோடிமியத்தையும் 1885-இல் முதலில் பிரித்துக் காட்டியவர் ஆஸ்திரிய வேதியியலர் ஆவெர் ஃபான் வெல்ஸ்பாக். காந்தத்துக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே பயனைத் தருவதால், இன்று ஆலைகள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல் கலவையாகவே வாங்கிக்கொள்கின்றன. ஆக்சைடாகக் கிடைப்பதை 1,000 டிகிரிக்கு மேல் உருகிய ஃபுளோரைடு உப்பில் இட்டு மின்சாரம் செலுத்தினால் உலோகம் அடியில் சேரும்.

தூள்: ஆலையின் மையம்

உலோகங்களை வெற்றிட உலையில் உருக்கி, ஆர்கான் வாயுச் சூழலில், உள்ளே குளிர்நீர் ஓடும் ஒரு செப்பு உருளையின் மேல் ஊற்றுகிறார்கள். உருளை சுழலச் சுழல, உருகிய உலோகம் நொடியில் உறைந்து, கால் மில்லிமீட்டர் கனமுள்ள சில்லுகளாக உதிரும். இவ்வளவு அவசரமாகக் குளிர்விப்பதற்குக் காரணம் உண்டு. மெதுவாகக் குளிர்ந்தால் தூய இரும்பு தனியே பிரிந்து கிளை கிளையாக வளர்ந்துவிடும். அது எளிதில் காந்தத்தன்மையை இழக்கும் மென்காந்தம் என்பதால், அது இருக்கும் கட்டி மோட்டாருக்கு ஆகாது. வேகமாகக் குளிர்ந்த சில்லிலோ, வேண்டிய படிகம் மெல்லிய அடுக்குகளாகவும், அடுக்குகளுக்கு நடுவே நியோடிமியம் மிகுந்த ஒரு பொருள் மெல்லிய இழையாகவும் அமைந்திருக்கும். இந்த இழையின் முக்கியத்துவம் பின்னால் தெரியவரும்.

அடுத்து, சில்லுகளை மூடிய கலனில் இட்டு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துகிறார்கள். நியோடிமியம் மிகுந்த இழைகள் ஹைட்ரஜனை முதலில் உறிஞ்சி உப்புகின்றன. உப்பும்போது சில்லு அந்த இழைகளின் வழியே தானாகவே வெடித்துப் பொடிகிறது. சுத்தியலும் அரவை உருளையும் இல்லாமலே நடக்கும் இந்த உடைப்பைப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஐவர் ஹாரிஸ் குழு வளர்த்தெடுத்தது. இதே உத்தியைக் கொண்டு பழைய ஹார்டு டிஸ்க்குகளிலிருந்து காந்தத்தைப் பொடியாக உதிர்த்து மீட்கும் வழியும் அங்கே உருவாகியிருக்கிறது.

கரடுமுரடான அந்தப் பொடியை அடுத்து ஜெட் மில் என்னும் இயந்திரம் அரைக்கிறது. அதில் கத்தியோ கல்லோ கிடையாது. அதிவேக நைட்ரஜன் தாரையில் துகள்கள் ஒன்றோடொன்று மோதி நொறுங்குகின்றன. முடிவில் கிடைக்கும் துகளின் அளவு மூன்றிலிருந்து ஐந்து மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை வைத்து இதன் நுண்மையை உணரலாம். ஒவ்வொரு துகளும் ஒரே படிகமாக இருக்க வேண்டும் என்பதே இவ்வளவு அரைப்பதன் நோக்கம்.

ஆலையில் உள்ளவர்களின் கவலையெல்லாம் இந்தக் கட்டத்தில்தான். இவ்வளவு நுண்ணிய அருமண் தூள் காற்றுப் பட்டாலே தானாகப் பற்றிக்கொள்ளும். தீப்பற்றாவிட்டாலும் தூள் சிறிது சிறிதாக ஆக்சிஜனை ஏற்கும். அப்படி ஏற்கும் ஆக்சிஜன் முதலில் விழுங்குவது நியோடிமியம் மிகுந்த அந்த இழைப் பொருளையே. ஆகவே அரைப்பது, சேமிப்பது, அச்சுப்பெட்டியில் இடுவது எல்லாமே நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரம்பிய மூடிய அறைகளிலும் குழாய்களிலும் நடக்கின்றன. ஆக்சிஜனை எவ்வளவு குறைவாக வைக்க முடிகிறது என்பதே நல்ல ஆலைக்கும் சுமாரான ஆலைக்கும் உள்ள வேறுபாடு என்று நான் சொல்வேன். இயந்திரங்களை விலைக்கு வாங்கிவிடலாம். இந்த ஒழுங்கு நாள்பட்ட பழக்கத்தில்தான் வரும்.

அழுத்துதல், சுடுதல்

இந்தப் படிகத்தில் காந்தத்தன்மைக்கு விருப்பமான ஒரே ஓர் அச்சு உண்டு. தூளில் கோடிக்கணக்கான துகள்களின் அச்சுகள் மூலைக்கொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றை ஒரே திசைக்குத் திருப்புவதற்காக, அச்சுப்பெட்டியில் இட்ட தூளின் மீது சுமார் இரண்டு டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வலிமையுள்ள காந்தப்புலத்தைச் செலுத்தி, துகள்கள் திரும்பிய அந்த நிலையிலேயே அழுத்துகிறார்கள். புலம் சரியாக இல்லையென்றால், அல்லது அழுத்தும்போது துகள்கள் புரண்டுவிட்டால், பின்னால் எதைச் செய்தும் அந்த வலிமையை மீட்க முடியாது.

அழுத்திய கட்டி இப்போது சூளைக்குப் போகாத பச்சைப் பானையைப் போன்றது: உருவம் உண்டு, உறுதி இல்லை; சுட்டால் இறுகிச் சுருங்கும். வெற்றிட உலையில் 1,050 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் வைக்கும்போது, நியோடிமியம் மிகுந்த பொருள் முதலில் உருகித் துகள்களுக்கிடையே கசிந்து பரவுகிறது. துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. கன சென்டிமீட்டருக்கு நான்கு கிராம் அளவில் இருந்த அடர்த்தி ஏழரை கிராமாக உயரும். கட்டி எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. காந்த அச்சின் திசையில் அதிகம் சுருங்கும். ஆகவே அச்சுப்பெட்டியை வடிவமைப்பவர் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க வேண்டும். சுட்டபின் ஏறக்குறைய 500 டிகிரியில் மீண்டும் ஒரு முறை பதமாக்குவார்கள். அப்போது அந்த நியோடிமியப் பொருள், படிகமணிகளை, அதாவது சுட்டு ஒட்டிய துகள்களைச் சுற்றி ஒரு சில நானோமீட்டர் கனமுள்ள உறையாகச் சீராகப் படிகிறது. மேலே சொன்ன இழையின் முழுப் பயன் இதுவே. ஒரு மணியில் காந்தத்தன்மை புரண்டால் அது பக்கத்து மணிக்குத் தொற்றாமல் இந்த உறை பிரித்து வைக்கிறது.

எஞ்சிய வேலைகள் பெரும்பாலும் பட்டறை வேலைகள். கட்டி பீங்கானைப் போல நொறுங்கக்கூடியது என்பதால் வைரத்துகள் பதித்த கம்பி வாள்களால் அறுத்துத் துண்டுகளாக்குகிறார்கள். காந்தத் துண்டுக்குள்ளேயே எழும் சுழல் மின்னோட்டத்தால் வரும் வெப்பத்தைக் குறைக்க, பெரிய துண்டு ஒன்றுக்குப் பதிலாக மெல்லிய துண்டுகளை இடையில் மின்காப்பிட்டு ஒட்டுவதும் உண்டு. அறுக்கும்போது கணிசமான பொருள் சேறாகக் கழியும். அந்தச் சேற்றையும் ஆலைகள் சேர்த்துவைத்து மறுசுழற்சிக்கு அனுப்புகின்றன. ஈரம் பட்டால் துருப்பிடித்து உதிரும் என்பதால் நிக்கல், துத்தநாகம் அல்லது எபாக்ஸிப் பூச்சு இடுகிறார்கள். இவ்வளவும் முடியும் வரை அந்தத் துண்டு ஆணியைக்கூட இழுக்காது. கடைசியில், பெரும்பாலும் ரோட்டரில் செருகிய பிறகு, மின்தேக்கிகளில் சேர்த்த மின்சாரத்தைச் சுருள் ஒன்றின் வழியே ஒரே வீச்சாகப் பாய்ச்சி அதற்குக் காந்தத்தன்மை ஊட்டப்படுகிறது. காந்தமான துண்டுகளைக் கையாள்வது ஆபத்து. இரண்டு துண்டுகளுக்கிடையே விரல் மாட்டினால் நசுங்கிவிடும்.

டிஸ்ப்ரோசியம் ஏன் வேண்டும்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். கோட்பாட்டின்படி இந்தப் படிகத்தின் காந்தத்தன்மையைப் புரட்ட ஏழு டெஸ்லா அளவுக்கு எதிர்ப்புலம் வேண்டும். நடைமுறையில் டிஸ்ப்ரோசியம் சேராத காந்தம் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே தாங்குகிறது. காரணம், ஒவ்வொரு படிகமணியின் மேற்பரப்பும் அதன் உட்பகுதியைவிடப் பலவீனமானது. புரள்வது அங்கேதான் தொடங்குகிறது. வெப்பம் ஏற ஏற இருக்கும் எதிர்ப்பும் விரைவாகக் குறையும். இந்தப் படிகம் தன் காந்தத்தன்மையை முற்றிலும் இழப்பது சுமார் 310 டிகிரியில் என்றாலும், சாதாரண நியோடிமியக் காந்தத்தை 80 டிகிரிக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்றே தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். மோட்டாருக்கு அது எந்த மூலைக்கு?

நியோடிமியத்தில் சிறு பங்கை டிஸ்ப்ரோசியத்தால் அல்லது டெர்பியத்தால் மாற்றினால், படிகம் தன் அச்சை மேலும் இறுகப் பற்றிக்கொள்ளும். 150, 180, 200 டிகிரி தாங்கும் தரங்கள் இப்படித்தான் வருகின்றன. ஆனால் டிஸ்ப்ரோசியத்தின் காந்தத் திசை இரும்பின் திசைக்கு எதிரானது என்பதால், அதைச் சேர்க்கச் சேர்க்க மொத்த வலிமை குறையும். விலையும் நியோடிமியத்தைவிடப் பல மடங்கு. வெப்பம் தாங்க வேண்டுமானால் வலிமையிலும் பணத்திலும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பலவீனம் மணியின் மேற்பரப்பில் மட்டும் என்றால், டிஸ்ப்ரோசியத்தை மணி முழுவதும் கலப்பானேன்? இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே மணி எல்லைப் பரவல் முறை. சுட்டு அறுத்த மெல்லிய துண்டின் மேல் டிஸ்ப்ரோசியம் அல்லது டெர்பியம் சேர்மத்தைப் பூசி, 900 டிகிரி அளவில் சூடாக்கினால், அது உருகிய எல்லை உறைகளின் வழியே உள்ளிறங்கி, மணிகளின் ஓரத்தில் மட்டும் படிகிறது. 2000-களில் ஜப்பானின் ஷின்-எட்சு நிறுவனத்தினர் இதை முன்னெடுத்தார்கள். பரவல் சில மில்லிமீட்டர் ஆழம் வரைதான் செல்லும் என்பதால் தடித்த காந்தங்களுக்கு இது உதவாது. தட்டையான மோட்டார்த் துண்டுகளுக்கோ கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்னொரு வழி, மணிகளையே மிகச் சிறிதாக்குவது. 2016-இல் ஹோண்டாவும் டைடோ ஸ்டீலும் சேர்ந்து, டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கன அருமண் தனிமம் சிறிதும் இல்லாத காந்தத்தைக் கலப்பின காரின் மோட்டாரில் கொண்டுவந்தது அப்படித்தான். அதில் சுடும் முறைக்குப் பதிலாகச் சூட்டில் நசுக்கி உருமாற்றும் முறை பயன்பட்டது.

எங்கே கிடைக்கிறது, எங்கே செய்கிறார்கள்

நியோடிமியம் பல நாடுகளின் தாதுக்களில் கிடைக்கிறது. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் அப்படியில்லை. உலகத் தேவைக்குப் பெரும்பகுதி தென் சீனத்தின் களிமண் படிவுகளிலிருந்தும், எல்லைக்கு அப்பால் மியான்மரின் கச்சின் மாநிலத்திலிருந்தும் வருகிறது. சுட்டுச் செய்யும் காந்தங்களிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவில் தயாராகின்றன. ஆகவேதான், நியோடிமியத்தைத் தொடாத ஓர் உரிம ஆணை கார் ஆலைகளை உலுக்க முடிந்தது.

தமிழகத்துக்கு இந்தக் கதையில் பழைய தொடர்பு ஒன்று இருக்கிறது. நியோடிமியத்தைப் பிரித்த அதே ஆவெர் ஃபான் வெல்ஸ்பாக்தான் காஸ் விளக்கில் சுடர் பட்டு ஒளிரும் வலையான மேன்டிலையும் கண்டுபிடித்தவர். மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும். அதைத் தேடிக்கொண்டிருந்த ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கண்டு, 1909-இல் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அன்று தோரியத்துக்காக அள்ளப்பட்ட அந்த மோனசைட்டில்தான் நியோடிமியமும் இருக்கிறது. 1950-இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஐஆர்இஎல் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறையிலும் ஒடிசாவின் சத்ரப்பூரிலும் மணலைப் பிரிக்கிறது. ஆலுவாயில் அருமண் தனிமங்களைத் தூய்மைப்படுத்துகிறது. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. கடற்கரை மணல் எடுப்பதைக் கன்னியாகுமரி மாவட்ட மீனவ மக்கள் கதிர்வீச்சையும் கடலரிப்பையும் காரணம் காட்டி எதிர்த்து வருகிறார்கள். காந்தம் குறித்த பேச்சில் இந்த எதிர்ப்பை ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

ஐஆர்இஎல் விசாகப்பட்டினத்தில் ஆண்டுக்கு 3,000 கிலோ திறனுள்ள காந்த ஆலையை நிறுவியுள்ளது. ஆனால் அங்கே தயாராவது, பாதுகாப்பு, விண்வெளித் துறைகளுக்கான சமாரியம்–கோபால்ட் காந்தம். மின்வாகனங்களுக்கு வேண்டிய அளவு இதைவிட மிகப் பெரியது. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆக்சைடிலிருந்து முடிவுற்ற காந்தம் வரை எல்லாக் கட்டங்களையும் உள்ளடக்கி, ஆண்டுக்கு 6,000 டன் சுட்ட காந்தம் தயாரிக்கும் திறனை உருவாக்குவது அதன் இலக்கு.

காந்தத்தைத் தவிர்க்கும் வழிகளும் உண்டு. பிஎம்டபிள்யூவின் சில மின்சாரக் கார்களில் ரோட்டரில் காந்தத்துக்குப் பதிலாக மின்சுருள் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக், ஃபெரைட் காந்த மோட்டாருக்குச் சான்றிதழ் பெற்றதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. ஃபெரைட்டின் வலிமை பத்தில் ஒரு பங்கு என்பதால் அந்தக் குறையை மோட்டாரின் வடிவமைப்பில்தான் ஈடுகட்ட வேண்டும். ஸ்கூட்டரில் அது இயலும் என்றே தோன்றுகிறது. இடமும் எடையும் இறுக்கமான, நெடுந்தூரம் ஓட வேண்டிய கார்களில் நியோடிமியத்தை அவ்வளவு சீக்கிரம் விலக்க முடியாது.

நம் கடற்கரை மோனசைட்டில் நியோடிமியமும் பிரசியோடிமியமும் போதிய அளவில் உண்டு. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் மிகச் சொற்பம். எனவே புதிய ஆலைகள் எழுந்தாலும் அந்த இரண்டை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கும். ஒரு டன் காந்தத்துக்கு அவை எத்தனை கிலோ தேவைப்படும் என்பதை, ஆக்சிஜன் படாமல் எவ்வளவு நுண்மையாகத் தூளை அரைக்க முடிகிறது, மணி எல்லைப் பரவலை எவ்வளவு சீராகச் செய்ய முடிகிறது என்ற இரண்டும்தான் முடிவு செய்யும்.